மழைக்காலத்தில் வீட்டுச் சுகாதாரம் குறித்துப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லா வகுப்புகளிலும் கூடிவருகிறது. வருகைப் பதிவேடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை விடுப்பு எடுத்தால், அதே பெஞ்சில் உட்காரும் பிள்ளை நலமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நாட்களில் ஏழாம் வகுப்பில் படிக்கும் அண்ணனோ முதல் வகுப்பில் படிக்கும் தங்கையோ படுத்துவிடுகிறார்கள். ஆகவே பள்ளியில் நாங்கள் எடுக்கும் முயற்சி மட்டும் போதாது, வீட்டிலும் உங்கள் உதவி தேவை என்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் மதிய உணவு நேரத்தில் குழாயடியில் நின்று கவனித்தேன். தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிடுவதால், பல பிள்ளைகள் விரல் நுனியை மட்டும் நனைத்து, ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டு தட்டை எடுக்க ஓடுகிறார்கள்; அதே ஸ்வெட்டர் கையில்தான் காலையிலிருந்து மூக்கையும் துடைத்திருக்கிறார்கள். வெந்நீர் இருந்தால்தான் கை சுத்தமாகும் என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது, அது சரியல்ல. கையிலுள்ள எண்ணெய்ப் பசையோடும் அழுக்கோடும் ஒட்டியிருக்கும் கிருமியைப் பிரித்தெடுப்பது சோப்புதான். பச்சைத் தண்ணீரிலும் அது அதே வேலையைச் செய்யும். குறைந்தது 20 விநாடிகள், விரலிடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். வாந்தி பேதியை உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்றவற்றிடம் சானிடைசர் சரிவர வேலை செய்யாது என்பதால், கழிப்பறை சென்று வந்த பிறகும் சாப்பாட்டுக்கு முன்பும் சோப்புக்கு மாற்றாக அதைக் கருத வேண்டாம். கொழுந்து பறித்துவிட்டோ, கேரட் தோட்டத்திலிருந்தோ வரும் பெரியவர்களும் அடுப்படிக்குள் நுழையுமுன் இப்படிக் கழுவினால், பிள்ளைகள் அதைப் பார்த்தே பழகிக்கொள்வார்கள்.

கழுவிய கையை எதில் துடைக்கிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். நம் ஊர் மூடுபனியில் துண்டு நாள் முழுவதும் ஈரமாகவே கொடியில் தொங்குகிறது; வீட்டிலுள்ள ஐந்து பேரும் அந்த ஒரே துண்டில் முகம் துடைக்கிறார்கள். ஒருவருக்கு வந்த மெட்ராஸ் ஐ மற்றவர்களுக்குத் தொற்ற வேறு வழியே வேண்டாம். ஆளுக்கொரு சிறு துண்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்ததாக இருந்தாலும் போதும். மெல்லிய துணி சீக்கிரம் உலரும் என்பதால் தடித்த டர்க்கி டவலைவிட அதுவே நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலான பிள்ளைகளிடம் பள்ளி ஸ்வெட்டர் ஒன்றுதான் இருக்கிறது என்பதை அறிவேன். வெள்ளிக்கிழமை மாலையே துவைத்து அடுப்படிச் சூட்டில் இரண்டு நாள் உலர்த்தினால் திங்களன்று போட்டு அனுப்பிவிடலாம். மூக்கைத் துடைக்க ஒரு கைக்குட்டையைத் தினமும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

அடுத்ததாகக் குடிதண்ணீர். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக எவ்வளவு நேரமாகும் என்பது ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் கீழே ஒரு நிமிடம் கொதித்தால் போதும் என்று சொல்லப்படும் தண்ணீரை, 2,000 மீட்டருக்கு மேல் வாழும் நாம் மூன்று நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குமிழ் வந்ததும் இறக்கிவிடுவதும், ஆறாத தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து குடிக்கக் கொடுப்பதும் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும். கொதித்த தண்ணீர் இருக்கும் பானைக்குள் டம்ளரோடு கையை விட்டு மொள்வதாலும் கிருமி சேரும். நீளப் பிடியுள்ள கரண்டியால் மொள்ளுங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகள் கொண்டுவரும் ஸ்டீல் பாட்டில்களைச் சில வகுப்புகளில் திறந்து பார்த்தோம். வெளியே பளபளவென்று இருந்த ஒரு பாட்டிலின் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்தபோது, அதன் அடியில் கறுப்பாக வழுவழுவென்று பூஞ்சை படிந்திருந்தது. தினமும் மாலை பாட்டிலைக் கழுவும்போது அந்த வளையத்தையும் கழற்றித் தேய்த்து, இரவு முழுவதும் மூடாமல் கவிழ்த்து வையுங்கள்.

வீட்டில் ஒருவர் நோயுற்றால் தட்டு, டம்ளர், போர்வையைத் தனியாகக் கொடுங்கள். குளிருக்குப் பயந்து நாள் முழுவதும் ஜன்னலை அடைத்து வைக்காமல், வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்திலாவது சிறிது நேரம் திறந்து வையுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரே அறையில் எல்லோரும் படுக்க வேண்டியிருப்பதால் இது இன்னும் அவசியம். வயிற்றுப்போக்கு இருந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

காய்ச்சல் மாத்திரை கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகும், வாந்தி பேதி நின்று 48 மணி நேரம் ஆன பிறகும் மட்டுமே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. அந்தக் கவலையால் காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் பிள்ளை, பதினொரு மணிக்கு மேசையில் தலை சாய்த்துக் கிடப்பதைப் பார்க்க மனம் வேதனைப்படுகிறது. விடுப்புக் கடிதத்தைப் பிள்ளை திரும்பி வரும் நாளில் கொடுத்தால் போதும். விடுபட்ட பாடங்களை வகுப்பாசிரியர்கள் மாலையில் சொல்லிக்கொடுப்பார்கள்.

வரும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வாருங்கள். கழுவ வேண்டிய தொட்டிகளை எல்லாம் சேர்த்து, ஊராட்சி அலுவலகத்துக்கு நம் அனைவரின் கையெழுத்தோடு ஒரே மனுவாகக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
உதகமண்டலம் வட்டம், நீலகிரி மாவட்டம்.