கிளிட்ச்கோவைச் சாய்த்தது தாடை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோ பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். அவரைக் கீவ் மேயரின் தம்பியாக மட்டும் அறிந்தவர்களுக்கு அது நல்ல அறிமுகம். ஆனால் அவருடைய முதல் மூன்று தோல்விகளுக்கும் ‘பலவீனமான தாடை’ என்று ஒரே காரணம் சொல்லிவிட்டு, பிறகு ஒன்பதரை ஆண்டுகள் பட்டத்தைத் தக்கவைத்ததை ‘அனுபவம் கைகொடுத்தது’ என்று ஒரே வரியில் கட்டுரையாளர் கடந்துவிட்டார். முப்பது வயதுக்கு மேல் யாருக்கும் தாடை இறுகுவதில்லை. மாறியவை கால், தூரம், மூச்சைச் செலவழிக்கும் கணக்கு.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில், 91 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் அவர் தங்கம் வென்றபோது ஆட்டம் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்றுதான். தொழில்முறைப் பட்டப் போட்டியோ 12 சுற்று, 36 நிமிடம். இந்த வித்தியாசம் 1998 டிசம்பரில் கீவில் அம்பலமானது. அதுவரை ஆடிய 24 ஆட்டங்களையும் வென்றிருந்த கிளிட்ச்கோவுக்கு எதிரே நின்றவர், ஏற்கெனவே 13 தோல்வி கண்டிருந்த ராஸ் பியூரிட்டி. அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, அடியை வாங்கியபடியே முன்னேறினார். கிளிட்ச்கோ ஒவ்வொரு குத்தையும் நாக் அவுட் குத்தாகவே வீசினார். பட்ட குத்தைவிடத் தவறிய குத்துதான் ஆளை அதிகம் களைக்க வைக்கும். வீசிய கையைத் தானே இழுத்து நிறுத்த வேண்டும், சாய்ந்த உடலை மீண்டும் நிமிர்த்த வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு இது இரட்டைச் செலவு. 11-வது சுற்றில் ஆட்டம் நிறுத்தப்பட்டபோது அவரிடம் கையைத் தூக்கவே தெம்பில்லை. இதில் தாடைக்கு என்ன வேலை?

2000 அக்டோபரில் கிறிஸ் பேர்டை வென்று உலகக் குத்துச்சண்டை அமைப்பின் (டபிள்யூபிஓ) பட்டம் பெற்றார்; அதை ஐந்து முறை காத்தார். அடுத்த அடி 2003 மார்ச்சில் ஹனோவரில் விழுந்தது. தென்னாப்பிரிக்காவின் கோரி சாண்டர்ஸ், 37 வயது, இடக்கை ஆட்டக்காரர், கோல்ஃப் பிரியர். இரண்டே சுற்றுக்குள் கிளிட்ச்கோவை நான்கு முறை தரையில் தள்ளினார். இடக்கைக்காரரை எதிர்கொள்வதில் பாலபாடம், நம் முன்கால் அவருடைய முன்காலுக்கு வெளிப்புறம் இருக்க வேண்டும் என்பது. உள்ளே மாட்டிக்கொண்டால் அவருடைய இடக்கை நேர்க்குத்து நம் முகத்துக்கு நேர்க்கோட்டில் வந்து இறங்கும். இதோடு, உயரமானவர்களுக்கே உரிய கெட்ட பழக்கமும் அன்று கிளிட்ச்கோவிடம் இருந்தது: அடி வரும்போது பக்கவாட்டில் விலகாமல், மோவாயைத் தூக்கியபடி நேர் பின்னால் சாய்வது. பின்னால் சாய்ந்தவனுக்குக் கால் ஊன்றியிருக்காது. அந்த நிலையில் சாண்டர்ஸின் இடக்கையை வாங்கினால் எந்தத் தாடையும் தாங்காது.

2004 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் லாமன் புரூஸ்டருடன் நடந்தது பியூரிட்டி கதையின் மறுபதிப்பு. 4-வது சுற்றில் கிளிட்ச்கோ புரூஸ்டரைக் கீழே தள்ளினார். 5-வது சுற்று முடியும் தறுவாயில் தானே சுருண்டு விழுந்தார். அத்தோடு பலரும் அவரைக் கைகழுவிவிட்டார்கள்.

கட்டுரையில் இமானுவேல் ஸ்டூவர்டின் பெயரே இல்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். டெட்ராய்ட் நகரின் கிரோங்க் பயிற்சிக்கூடத்துக்காரர். புரூஸ்டர் ஆட்டத்தில்தான் பயிற்சியாளராகக் கிளிட்ச்கோவின் மூலையில் முதன்முறை நின்றார். தோற்ற பிறகும் விலகவில்லை. விழுந்த சாம்பியனோடு வேலை செய்வது அவருக்குப் புதிதும் அல்ல. 1994-ல் ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை ஆலிவர் மெக்கால் வீழ்த்தியபோது மெக்காலின் மூலையில் இருந்தவர் இதே ஸ்டூவர்ட். அதன்பின் லூயிஸ் அவரையே தன் பயிற்சியாளராக்கிக்கொண்டார்.

ஸ்டூவர்ட் செய்த மாற்றம் எளிமையானது. 198 செ.மீ. உயரம், 206 செ.மீ. கை வீச்சு. இந்த உடலை வைத்துக்கொண்டு எதிராளியின் தூரத்தில் நின்று ஏன் சண்டை போட வேண்டும்? முதலில் இடக்கை ஜாப், அதாவது முன்னால் நிற்கும் கையைச் சட்டென்று நேராக நீட்டிக் குத்துவது. அது அடி மட்டுமல்ல, அளவுகோலும்கூட. எதிராளியின் நெற்றியில் பட்டால் வலக்கைக்குத் தூரம் சரி என்று பொருள், படாவிட்டால் வலக்கையை விடக் கூடாது. தவறும் குத்துகள் இதனாலேயே குறைந்தன, மூச்சும் மிஞ்சியது. எதிராளி ஜாபைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அங்கே அடித்துக்கொள்ளக் கூடாது. அரை எட்டு முன்வைத்து அவருடைய இரு கைகளையும் அக்குளில் இறுக்கி, தன் 110 கிலோவையும் அவர் கழுத்தின் மேல் சாய்க்க வேண்டும். நடுவர் பிரித்துவிடும் வரை அந்தப் பாரத்தைச் சுமப்பது எதிராளியின் தொடைகள். ஆறேழு சுற்று இப்படிச் சுமந்தவருக்கு அதன் பிறகு பாய்ந்து உள்ளே வரக் கால் ஒத்துழைக்காது. வலக்கை அதற்குப் பிறகுதான் வேலை செய்யும்.

இதற்கான பரீட்சை 2005 செப்டம்பரில், அட்லாண்டிக் சிட்டியில். எதிரே சாமுவேல் பீட்டர், 24 ஆட்டம் 24 வெற்றி. கிளிட்ச்கோ 5-வது சுற்றில் இரண்டு முறை, 10-வது சுற்றில் ஒரு முறை விழுந்தார். மூன்று முறையும் எழுந்தார், பிடித்தார், ஜாபுக்குத் திரும்பினார். மூன்று புள்ளி நடுவர்களும் 114–111 என்று அவருக்கே தந்தார்கள். 2006 ஏப்ரலில் மான்ஹைமில் மீண்டும் பேர்டைத் தோற்கடித்து சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் (ஐபிஎஃப்) பட்டம் பெற்றார். 2007-ல் அதே புரூஸ்டர் எதிரே வந்தபோது, ஆறு சுற்றோடு புரூஸ்டரின் மூலையே ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

சலிப்பான ஆட்டம் என்ற குற்றச்சாட்டை நாங்கள் மறுக்கவில்லை. 2008-ல் நியூயார்க்கில் சுல்தான் இப்ரகிமோவுடன் ஆடிய 12 சுற்றை முழுதாகப் பார்க்கப் பொறுமை வேண்டும். 2013-ல் மாஸ்கோவில் பொவெட்கினை நான்கு முறை கீழே தள்ளி, 119–104 என்று வென்ற ஆட்டத்தில் எங்களுக்கே வருத்தம் உண்டு. அத்தனை தடவை பிடித்துச் சாய்ந்தவருக்கு 11-வது சுற்றில்தான் ஒரு புள்ளி வெட்டினார் நடுவர். வேறொரு நடுவர் 3-வது சுற்றிலேயே வெட்டியிருந்தால் அந்த ஆட்டம் அப்படிப் போயிருக்காது. அப்போது ஸ்டூவர்டும் இல்லை. 2012 அக்டோபரில் காலமாகிவிட்டார்.

2015 நவம்பரில் டுஸல்டார்ஃபில் டைசன் ஃப்யூரியிடம் தோற்றதை ‘39 வயது’ என்பதற்குள் அடக்கியிருக்கிறார் கட்டுரையாளர். வயதும் காரணம்தான். ஆனால் முதல் காரணம், ஃப்யூரி அவரைவிட உயரம், கை வீச்சும் அதிகம். அளவுகோலே எட்டவில்லை. ஃப்யூரி இடுப்பிலிருந்து மேலுடலை ஓயாமல் அசைத்தார், பொய்க்குத்து காட்டினார், வலக்கை நிலைக்கும் இடக்கை நிலைக்கும் மாறிமாறி நின்றார். ஜாப் படாததால் வலக்கை புறப்படவே இல்லை. 12 சுற்றில் கிளிட்ச்கோவின் குத்துகளில் பட்டவை 52 மட்டும். போட்டிக்கு முன் மேடை விரிப்பின் கீழே நுரைப்பஞ்சு அதிகம் என்று ஃப்யூரி தரப்பு தகராறு செய்து, ஒரு அடுக்கை எடுக்க வைத்ததையும் சொல்ல வேண்டும். மெத்தென்ற தரை, கால் ஆட்டக்காரரைச் சீக்கிரம் களைக்க வைக்கும்.

2017 ஏப்ரலில் வெம்பிளியில், 90,000 பேர் முன்னிலையில் அந்தோணி ஜோஷுவாவுடன் ஆடியபோது அவருக்கு 41 வயது. 5-வது சுற்றில் விழுந்து எழுந்தார். 6-வது சுற்றில் ஜோஷுவாவை விழவைத்தார். எங்கள் பார்வையில் அவர் தோற்றது அதற்குப் பிந்தைய நிமிடங்களில்தான். தள்ளாடிக்கொண்டிருந்தவரை நெருக்கி முடிக்காமல், பழக்கதோஷத்தில் தூரம் பார்த்து நின்றார். ஜோஷுவாவுக்கு மூச்சு திரும்பியது. 11-வது சுற்றில் ஜோஷுவா கீழிருந்து மேலாக விட்டு மோவாயைப் பெயர்த்த அந்த அப்பர்கட்டுக்குப் பிறகு கிளிட்ச்கோ இரண்டு முறை விழுந்தார், நடுவர் நிறுத்தினார். அந்த ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார்: 64 வெற்றி, 5 தோல்வி.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் ‘தொடர்ச்சியாக 23 முறை பட்டத்தைக் காத்தவர்’ என்று இருக்கிறது. 2000–2003 காலத்தில் 5, 2006–2015 காலத்தில் 18. நடுவில் சாண்டர்ஸும் புரூஸ்டரும் இருக்கிறார்கள். தொடர்ச்சியான காப்புகளில் ஹெவிவெயிட் சாதனை ஜோ லூயிஸின் 25 தான்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்சியாளர்கள் இருவர்,
சென்னை