பச்சோந்தி வாங்கும் முன்

அன்புள்ள மீனா,

எந்தப் பாந்தர் பச்சோந்தியை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். "ஒரு ஓணானுக்குப் போய் இத்தனை டாலரா" என்று கேட்டதோடு அவர் பங்கு முடிந்தது.

உன் மனசு முதல் படத்தில் விழுந்துவிட்டது என்று தெரிகிறது. சிவப்பும் மஞ்சளும் கலந்த உடம்பு, அதில் நீலப் பட்டைகள், மடகாஸ்கரின் அம்பிலோபே ஊர் வகை ஆண். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நிற்கிற விதத்தைப் பார். உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, தொண்டையைப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. எதிரே இன்னொரு ஆணையோ கண்ணாடியையோ காட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். நீ ஆசைப்படுவது அதன் கோபத்துக்கு, மீனா.

விற்பவர்கள் இப்படிப் படம் எடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கல்யாண ஆல்பத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யாதே என்கிறேன், அவ்வளவுதான். உன் வீட்டில் அதற்குப் போட்டி ஆண் கிடையாது. கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்ன நிறமோ, அதோடுதான் நீ ஐந்தாறு வருஷம் குடும்பம் நடத்தப் போகிறாய். அதனால் அந்தப் படத்தைக் கேள். காலையில் விளக்கடியில் சூடேற்றிக்கொண்ட பிறகு, யாரும் தொடாமல் இருக்கும்போது எடுத்ததாக இருக்கட்டும். வீடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. போனில் நிறத்தைக் கூட்டி அனுப்பியிருந்தால் பின்னால் இருக்கும் இலையின் பச்சையே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் பாடம் நடத்திய காலத்தில், தோல் செல்களில் நிறமி பரவுவதாலும் ஒடுங்குவதாலும்தான் நிறம் மாறுகிறது என்று எழுதிப்போடுவோம். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் மிலின்கோவிச் குழுவினர் இதே பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்து வேறு கதை சொன்னார்கள். தோலில் சில செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். தோலில் மஞ்சள் நிறமியும் சேர்ந்திருக்கும் இடத்தில் நமக்கு அது பச்சையாகத் தெரியும். ஆணுக்கு வெறி ஏறியதும் படிகங்களுக்கு இடையே இடைவெளி கூடுகிறது, திரும்பும் ஒளி மஞ்சள், சிவப்புப் பக்கம் நகர்கிறது. பச்சை மஞ்சளாகும், நீலம் வெளுக்கும், சிவப்பு பளிச்சிடும். சில நிமிஷத்தில் எல்லாம் நடந்துவிடும். நிறமிக்கும் பங்கு உண்டு, கருமை கூடுவதும் குறைவதும் அதனால்தான். எனக்கு இதைப் படித்தபோது வகுப்பை இன்னொரு முறை எடுக்கலாமா என்று தோன்றியது.

சரி, உன் இரண்டாவது படம். நோசி பே ஆண். நோசி பே மடகாஸ்கரின் வடமேற்குக் கரையோரத் தீவு. அம்பிலோபே வடக்கே நிலப்பகுதியில் உள்ள ஊர். ஊருக்கு ஊர் ஆண்களின் நிறம் அப்படி மாறுகிறது. இந்த நோசி பே பையனைப் பார்த்தவுடன் நீ "சுமார்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. உடம்பைத் தளர விட்டு, ஒரு கண்ணை முன்னால் ஒரு கண்ணைப் பின்னால் திருப்பிக்கொண்டு இருக்கிறது. அந்த நிலையிலேயே நீலம் கலந்த பச்சை. சண்டைக்கு இழுக்காமலே இந்த நிறம் என்றால், தினமும் உனக்குக் கிடைப்பது இது.

மூன்றாவது, மூன்று மாதக் குட்டி. அது இப்போது மண் நிறம்தான். ஆறு மாதம் வாக்கில் நிறம் எட்டிப்பார்க்கும், முழுசாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கூட அனுப்பியிருப்பது அப்பன் படம், அதுவும் கோபப் படம். குட்டிதான் வேண்டும் என்றால் அம்மாவின் அப்பன் படத்தையும் கேள். பெண்கள் எந்த ஊராக இருந்தாலும் பெரும்பாலும் பழுப்பு அல்லது வெளிர் ஆரஞ்சுதான், அவர்களைப் பார்த்து வம்சம் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு நிறம் உண்டு, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. கருப்பு. காலைக் குளிரில் கருத்திருந்தால் பயப்படாதே, சூட்டை வாங்கிக்கொள்கிறது. தூங்கும்போது வெளிறியிருப்பதும் இயல்புதான். ஆனால் நண்பகலில், சூடெல்லாம் சரியாக இருந்தும் கருத்தே கிடந்தால் அதற்கு ஏதோ சரியில்லை. கண் உள்ளே போயிருந்தாலோ பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதே. காட்டில் பிடித்ததும் வேண்டாம், ஒட்டுண்ணிகளோடு வரும். வளர்ப்பில் பிறந்ததா என்று எழுத்தில் கேள்.

வாங்கிய பிறகு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் நிறம் காட்டுவதற்காகக் கண்ணாடியை நீட்டினாய் என்று கேள்விப்பட்டேன், அப்புறம் பேசமாட்டேன். உங்களுக்கு அது வேடிக்கை, அதற்கு அது எதிரி. இரண்டை ஒரே கூண்டில் விடுவதும் கூடாது. இங்கே நம் வேலியில் இருக்கிற பச்சோந்தியை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அங்கே கடையில் வாங்கலாம் என்பதால் மட்டும் அதன் காட்டுக் குணம் குறைந்துவிடாது.

மிச்சிகன் குளிரில் ஹீட்டர் ஓடும்போது வீட்டுக் காற்று காய்ந்துபோகும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அது பெரும்பாலும் குடிக்காது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கும், அதனால் தினமும் தெளிக்க ஆள் வேண்டும். புற ஊதா விளக்கு கட்டாயம், இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். வலைக் கூண்டு நாலடி உயரமாவது இருக்கட்டும், டிவி பக்கத்தில் வைக்காதே.

எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாடு. உயிரோடு வெட்டுக்கிளி, கரப்பான், அதன் மேல் கால்சியம் பொடி. கரப்பானைக் கண்டு நீ கட்டில் மேல் ஏறுகிறவள். மாப்பிள்ளை சம்மதித்தாரா என்று கேட்டு எழுது. நோசி பே பையனின் வீடியோ வந்தால் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா