ஒடியாத கால்

பாம்பன்
ஜூன் 20

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. மருமகளுக்குத் தூத்துக்குடியிலேயே வேலை கிடைத்ததில் எங்களுக்கும் சந்தோஷம். உன் புது மேனேஜருக்குக் கொஞ்சம் ஐஸ் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். என்னிடம் போய்க் கேட்கிறாயே! இரண்டு மாதமாக அந்த ஐஸில் கிடந்து இப்போதுதான் எழுந்து வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு போகலாம். உனக்குத் தெரியாததா? வரத்துக் குறைகிற அந்த நாளெல்லாம் நாட்டுப்படகுக்காரன்தான் வியாபாரிகளுக்கு அண்ணன். "அண்ணன் வந்தாலே கரைக்குக் களை" என்று பொத்தாம்பொதுவாக அளப்பார்கள். அதெல்லாம் காதோடு போய்விடும். ஆனால் ஒரு நண்டு வியாபாரி, கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "உங்க நண்டுல மட்டும் ஒரு காலும் ஒடியலையே, எப்படிண்ணே கழட்டுறீங்க?" என்றான்.

30 வருஷமாக நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, கால் காலாக வலை நூலைத் தளர்த்தித்தான் எடுக்கிறேன். பெற்ற மகனே "சீக்கிரம் பிச்சுப் போடுங்கப்பா" என்பான். ஒருத்தன் அதைக் கண்டு சொன்னதும் உச்சி குளிர்ந்துவிட்டது. வித்தையை விளக்குகிற மும்முரத்தில் தராசைப் பார்க்கவில்லை. ஈரத்துக்கென்று எடையில் அவன் கழித்ததையும் கேட்கவில்லை. உன் தங்கச்சிதான் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "கால் ஒடிஞ்ச நண்டுக்கும் இதே விலைதானே குடுக்குறான்?" என்றாள். அவன் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சரி, நாமும் முயன்று பார்ப்போமே என்று, கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு வலை முடைகிற பெரியவரிடம் போனேன். "உங்க கைவேலை யாருக்கு வரும் பெரியப்பா!" தலை நிமிராமல், "எந்தக் கண்ணப் பாத்துச் சொல்றே?" என்றார். அவர் மடியில் கிடந்த வலையில் ஒரு கண்ணைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. என் வலை இன்னும் அவர் திண்ணையில்தான் கிடக்கிறது.

மேனேஜரின் சட்டையைப் புகழாதே. யாரும் கவனிக்காமல் அந்த ஆள் எதைப் பொறுப்பாகச் செய்கிறார் என்று பார். அதைப் பார்த்த பிறகும் காரியத்துக்காகப் புகழ உனக்கு வாய் வருமா, எனக்குச் சந்தேகம்தான்.

விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போய் ஐந்து நாளாயிற்று. நேற்று வியாபாரி என் கூடையைக் காலால் நகர்த்தி, "வைங்க, பாப்போம்" என்றான். அண்ணனைக் காணோம். நண்டை நான் அப்படியேதான் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டில் தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். அப்புறம், வரும்போது நல்ல மக்ரூன் ஒரு டப்பா.

அன்புடன்,
உன் மச்சான்