ஐஎஸ்டி தடை போர்ட்டலில் மட்டும் இருக்கிறது: 42 சியூஜி இணைப்புகள் பற்றிய புகார்

அனுப்புநர்
கணக்கு மற்றும் தொலைபேசி நிர்வாகப் பிரிவு,
ஆத்தங்குடி கல் தயாரிப்பு, ஏற்றுமதி நிறுவனம்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், நிறுவன வாடிக்கையாளர் பிரிவு,
எங்களுக்கு சியூஜி இணைப்பு வழங்கும் மொபைல் நிறுவனம்,
சென்னை.

பொருள்: போர்ட்டலில் போட்ட அழைப்புத் தடைகள் நெட்வொர்க்கில் ஏறாதது, விலகிய ஊழியர்களின் கணக்கை முழுதாக மூட முடியாதது, தடை செய்த எண்களுக்கு வந்த ஐஎஸ்டி கட்டணத்தைத் திரும்பக் கேட்பது.

ஐயா,

வணக்கம். உங்களிடம் எங்களுக்கு 42 சியூஜி (நிறுவனத்துக்குள் பேசிக்கொள்ளும் குழு) இணைப்புகள் இருக்கின்றன. எந்த எண்ணிலிருந்து எங்கே பேசலாம் என்ற அனுமதியை உங்கள் நிர்வாகப் போர்ட்டலில் நாங்களே போட்டு வருகிறோம். அதில் நாங்கள் போடுவது ஒன்று, உங்கள் நெட்வொர்க்கில் நடப்பது வேறொன்று. ஐஎஸ்டி தடை போட்ட 3 எண்களிலிருந்து மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன அழைப்புகளுக்குக் கட்டணம் சேர்த்து பில் வந்திருக்கிறது. 4 முறை புகார் பதிந்தோம். நான்கு முறையும் "போர்ட்டலில் தடை சரியாகத்தான் காட்டுகிறது" என்று சொல்லி டாக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடிவிட்டார்கள். போர்ட்டலில் சரியாகக் காட்டுவதை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தடை போட்டதாகக் காட்டிவிட்டு அழைப்பை விடுகிறது என்பதே எங்கள் புகார்.

எங்கள் அனுமதிப் பிரிவுகளைச் சொல்லிவிடுகிறோம். தரைக்கல் வார்க்கும் கொட்டகையில் 19 எண்கள். இவை சியூஜிக்குள் மட்டும் பேசலாம். டிரைவர், லோடு ஆட்களுக்கு 11. இந்தியா முழுவதும் பேசலாம், ஐஎஸ்டி கிடையாது. பெட்டியடி (பணமும் கணக்கும் பார்க்கும் மேசை), ஸ்டோர், ஆபீசுக்கு 9. அதே அனுமதிதான், டேட்டா மட்டும் கூடுதல். ஏற்றுமதி மேசைக்கு 3. இவற்றுக்கு மட்டுமே ஐஎஸ்டி. கட்டணம் ஏறிய மூன்றும் ஆபீஸ் பிரிவு எண்கள்.

கொட்டகையில் எல்லாரும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றுகிற கையோடு தொடுதிரை போனை எடுக்க முடியாது. அவை 2ஜி போன்கள், அவற்றில் தடை ஒருநாளும் தவறியதில்லை. தவறியது ஸ்மார்ட்போன்களில் மட்டும். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தடை செய்த ஓர் எண்ணை எடுத்து, ஒரே சிம், ஒரே போன், ஒரே இடம் என்று வைத்துச் சோதித்தோம். நெட்வொர்க் அமைப்பை மட்டும் மாற்றி +60 என்று தொடங்கும் ஒரு வாடிக்கையாளர் எண்ணுக்கு அடித்தோம்.

போனை 2ஜியில் வைத்தால், இந்த வசதி உங்கள் எண்ணுக்கு இல்லை என்று அறிவிப்பு வருகிறது. 4ஜியில் வைத்து வோல்டியை (4ஜி வழியாகவே பேசும் வசதியை) அணைத்தால், போன் அழைப்புக்காக 2ஜிக்கு இறங்குகிறது. அப்போதும் தடை வேலை செய்கிறது. 4ஜியில் வோல்டியை ஆன் செய்தால் மணி அடிக்கிறது, எதிர்முனையில் எடுத்துப் பேசுகிறார்கள். வைஃபை அழைப்பை ஆன் செய்தாலும் அப்படியே. ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை செய்து பார்த்தோம், முடிவு மாறவில்லை.

காரணம் உங்கள் பொறியாளர்களுக்கு ஒரு வரியில் புரியும். 2ஜி அழைப்புக்கான தடை எச்எல்ஆர் என்ற தரவுத்தளத்தில், சந்தாதாரர் பதிவில் இருக்கிறது. வோல்டி அழைப்பும் வைஃபை அழைப்பும் ஐஎம்எஸ் என்ற வேறொரு அமைப்பின் வழியே போகின்றன. அங்கே அழைப்பு வசதிகளைக் கவனிக்கும் சர்வரில் அதே தடையைத் தனியாக ஏற்ற வேண்டும். உங்கள் போர்ட்டல் முதலாவதற்கு மட்டும் கட்டளை அனுப்பிவிட்டு, "வெற்றி" என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. இரண்டாவது போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்பதே இல்லை.

இதற்கு உங்கள் கஸ்டமர் கேர் சொன்ன மாற்று வழி, ஒவ்வொரு போனிலும் *331*0000# அடிக்கச் சொன்னது. இதை ஏற்க முடியாது. அது போன் வைத்திருப்பவர் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் தடை. 0000 என்பது ஊரறிந்த பாஸ்வேர்டு. #331*0000# அடித்தால் யாரும் எடுத்துவிடலாம். நாங்கள் கேட்பது நிறுவனம் போடும் தடை. அதைப் போன் வைத்திருப்பவரால் தொட முடியக் கூடாது. அப்படித்தான் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்குத்தான் மாதாமாதம் பணம் வாங்குகிறீர்கள்.

கொட்டகை எண்களில் தடை வேலை செய்கிறது என்று மேலே சொன்னோம். ஒரு விஷயத்தில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. "சியூஜி மட்டும்" என்று போட்ட எண்ணிலிருந்து 112 போகிறது, 108 போவதில்லை. சிமெண்டு மூட்டையும் கல்லும் தூக்குகிற இடத்தில் அடிபட்டால் கை தானாகப் போவது 108-க்குத்தான். விதிவிலக்குப் பட்டியலில் 108-ஐச் சேர்க்கப் போனால், "10 இலக்க எண் தேவை" என்று போர்ட்டல் மறுக்கிறது. மூன்று இலக்க எண்களை ஏற்காத விதிவிலக்குப் பட்டியலை வடிவமைத்தவர் அவசர உதவியை நினைத்தே பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தில் உள்ளவற்றில் இதை மட்டுமாவது கையில் கிடைத்த அன்றே சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் பணக் கணக்கு, இது அப்படியில்லை.

அடுத்தது மொத்தப் பதிவேற்றம். 42 பேரின் அனுமதியை ஒரே எக்செல் தாளில் தயாரித்து, சிஎஸ்வியாக ஏற்றும் வசதி தந்திருக்கிறீர்கள். உங்கள் மாதிரித் தாள் எண்ணை 91 சேர்த்து 12 இலக்கமாகக் கேட்கிறது. அந்தக் கட்டத்தை எழுத்து வடிவத்துக்கு மாற்றாமல் விட்டால் எக்செல் அதை 9.19 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாக்கிவிடும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கடைசி இலக்கங்கள் தொலைந்து சுழியாகின்றன. பணியாளர் எண் 007 என்பது வெறும் 7 ஆகிறது. இது எக்செல்லின் குணம், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் சந்தாவிலேயே இல்லாத அந்த எண்களை வாங்கிக்கொண்டு, "42 வரிகள் வெற்றி" என்று சொல்வது உங்கள் போர்ட்டல். ஏற்றிய ஒவ்வொரு வரியும் எங்கள் கணக்கில் உள்ள எண்தானா என்று ஒப்பிடுவது பெரிய வேலையில்லை.

இதைவிட மோசமானது, அனுமதிக் கட்டம் காலியாக இருந்தால் போர்ட்டல் எடுத்துக்கொள்ளும் பொருள். காலியென்றால் "பழையபடி இருக்கட்டும்" என்றுதான் யாரும் நினைப்பார்கள். உங்கள் போர்ட்டல் "எல்லாம் அனுமதி" என்று எடுத்துக்கொள்கிறது, ஐஎஸ்டி உட்பட. டேட்டா அளவை மட்டும் திருத்துவதற்காக ஏற்றிய தாளில் அழைப்பு அனுமதிக் கட்டத்தைத் தொடாமல் விட்டோம். 5 டிரைவர் எண்கள் திறந்துகொண்டன. அன்றே திரும்பச் சரிபார்க்கும் வழக்கம் எங்களிடம் இருந்ததால் பில்லில் ஏறவில்லை. பூட்டுப் போடச் சொல்லாத கதவெல்லாம் திறந்தே இருக்கும் என்கிற ஏற்பாட்டை எந்தப் பெட்டியடியிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஊழியர் விலகும்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், மூன்று மாதமாக அதிகம் அலைந்தது இதற்குத்தான். போர்ட்டலில் "பயனரை மாற்று" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பெயர் மட்டும் மாறுகிறது. அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிற மற்றவை அப்படியே கிடக்கின்றன.

முதலில் கால் ஃபார்வர்டு. போகிறவர் தன் சொந்த எண்ணுக்கு ஃபார்வர்டு போட்டுவிட்டுப் போனால், புது சிம் வாங்கினாலும் அது விலகாது. அது சிம்மில் இல்லை, நெட்வொர்க்கில் இருக்கிறது. புதியவர் கையில் போன் சும்மா இருக்க, வாடிக்கையாளர் அழைப்பெல்லாம் பழையவருக்குப் போகும். நாங்கள் *#21# அடித்துப் பார்த்துக் கண்டுபிடித்து, ##002# அடித்து நீக்குகிறோம். இதை நிர்வாகி போர்ட்டலிலிருந்தே பார்க்கவும் நீக்கவும் முடிய வேண்டும். வெளி எண்ணுக்கு ஃபார்வர்டு போடுவதையே பிரிவு வாரியாகத் தடுக்கவும் வழி வேண்டும். இல்லாவிட்டால் "சியூஜி மட்டும்" என்ற தடைக்குப் பின்வாசல் திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்து கேஒய்சி, அதாவது பயன்படுத்துபவரின் அடையாளச் சரிபார்ப்பு. 2023 டிசம்பர் முதல் நிறுவன இணைப்பில் ஒவ்வொரு பயன்பாட்டாளரின் கேஒய்சியும் தேவை. ஆள் மாறினால் புதியவருக்கும் எடுக்க வேண்டும். உங்கள் பொத்தான் கேஒய்சிப் பதிவைத் தொடுவதில்லை. போர்ட்டலில் புதியவர் பெயர், பதிவில் பழையவர் பெயர். வேலையை விட்டுப் போனவர் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் உள்ள இணைப்புகளைப் பார்க்கிறார். கையில் இல்லாத எண் ஒன்று இருக்கிறது. "இது என் எண் அல்ல" என்று குறிக்கிறார். அவர் செய்தது சரி. ஆனால் மறுசரிபார்ப்பில் சிக்குவது எங்கள் ஸ்டோர் எண். பெயர் மாற்றக் கோரிக்கை வந்தவுடன் கேஒய்சி வேலையும் தானாகத் தொடங்க வேண்டும். அது முடியும்வரை "நிலுவையில்" என்று காட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் உங்கள் ஷோரூமில் சொல்லும் ஒரே மருந்து, சிம்மை மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. சிம் மாற்றினால் 24 மணி நேரம் அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடியைத் தடுக்க வைத்த நல்ல விதி, அதில் எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல், சரக்கு அனுப்பத் தேவையான இ-வே பில் எடுக்கும் தளத்துக்குள் நுழைய எல்லாருக்கும் ஓடிபி கட்டாயம். ஸ்டோர் எண்ணின் சிம்மை மாற்றிய நாளில், கல் ஏற்றிய லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்பட முடியாமல் நின்றது. ஃபார்வர்டை நீக்க சிம் மாற்றம் தேவையே இல்லை, மாற்றியும் அது நீங்கவில்லை. சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பர்மா, மலாயாவில் வட்டிக்கடை நடத்திய காலத்தில் இந்தப் பக்கத்துச் செட்டியார்கள் ஏஜெண்டுக்கு மூன்று வருஷத் தவணை வைத்தார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆள் வாரியாக அதிகாரமும் பிரித்திருந்தார்கள். சாவியும் பேரேடும் கைமாறிய பிறகுதான் ஒருவர் பொறுப்பு இன்னொருவருக்குப் போகும். 42 சிம்முக்கு அந்த ஒழுங்கைத்தான் கேட்கிறோம்.

நிர்வாகி உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது ஒரே நிர்வாகி, ஒரே ஓடிபி எண். அவர் விடுப்பில் போனால் எதுவும் நடக்காது. துணை நிர்வாகி என்று ஒருவரைச் சேர்த்தால் அவருக்கும் முழு அதிகாரம். ஐஎஸ்டியைத் திறப்பது முதல் இணைப்பையே துண்டிப்பது வரை. ஸ்டோர் பொறுப்பாளர் தன் பிரிவு எண்களுக்கு டேட்டாவை மட்டும் மாற்றலாம், ஐஎஸ்டியைத் தொட முடியாது என்கிற அளவுக்குப் பிரித்துக் கொடுங்கள். மாற்றப் பதிவேட்டில் உங்கள் கஸ்டமர் கேர் செய்த மாற்றங்கள் எல்லாம் "சிஸ்டம்" என்ற ஒரே பெயரில் கிடக்கின்றன. யார், எப்போது, எதை, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று நான்கும் வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்: 3 எண்களின் ஐஎஸ்டி கட்டணத்தையும் அதற்குரிய ஜிஎஸ்டியையும் அடுத்த பில்லில் கழியுங்கள். 39 தடை எண்களுக்கும் ஐஎம்எஸ் பக்கத்தில் தடையை ஏற்றி, இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்த நிலை அறிக்கையை எண் வாரியாக எழுத்தில் அனுப்புங்கள். "போர்ட்டலில் காட்டுகிறது" என்ற பதிலை இனி ஏற்க மாட்டோம். 108-ஐ உடனே திறந்துவிடுங்கள். காலிக் கட்டத்தின் பொருளை "மாற்றமில்லை" என்று ஆக்குங்கள். பயனர் மாற்றம், ஃபார்வர்டு, நிர்வாகி உரிமை மூன்றும் எந்தத் தேதிக்குள் முடியும் என்று தெரிவியுங்கள்.

டாக்கெட்டுகள் தீர்வின்றி மூடப்பட்டதால், டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) 2012-ம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி உங்கள் மேல்முறையீட்டு அமைப்பிடம் 30 நாட்களுக்குள் முறையிட எங்களுக்கு உரிமை உண்டு. அதை 39 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைத் தயாரித்து வைத்திருக்கிறோம். 42 எண்களும் விசிட்டிங் கார்டிலும் கல் பெட்டியிலும் அச்சானவை. வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் எண் போகாது. 100 எண்கள் வரை ஒரே ஒப்புதல் கடிதத்தில் போர்ட் செய்யலாம் என்பதும் தெரியும். இருந்தாலும் உங்கள் சிக்னல்தான் எங்கள் கொட்டகைகளில் நன்றாகக் கிடைக்கிறது. அதனால் முதலில் உங்களிடமே சரிசெய்யக் கேட்கிறோம்.

சோதனை செய்த நேரங்கள், போன் மாடல், அழைப்புப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டுகள், ஏற்றிய சிஎஸ்வி கோப்பு, 4 டாக்கெட் எண்கள், கட்டணத்தைக் குறித்துக் காட்டிய பில் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளர் காரைக்குடிக்கு வந்தால், எங்கள் ஆபீசிலேயே அரை மணி நேரத்தில் அதே சோதனையை அவர் முன்னால் செய்து காட்டுகிறோம். எந்தக் கிழமை வருகிறார் என்பதை இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கணக்கு மற்றும் தொலைபேசி நிர்வாகப் பிரிவு,
காரைக்குடி.