பிள்ளைக்கு முதலில் தண்ணீர்

வவுனியா
ஆடி மாதம்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. மகளுக்குக் கொழும்பில் எடை குறைப்பதற்கான இரைப்பைச் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்றும் வருகிற புதன்கிழமை முள்ளியவளைக்குக் கூட்டி வருகிறீர்கள் என்றும் வாசித்தபிறகுதான் மனம் ஆறியது. இங்கே சோளகம் அனலாய் வீசுகிறது. கிணற்றில் கயிற்றை இரண்டு பாகம் கூட்டிக் கட்டவேண்டியதாய்ப் போயிற்று. றோட்டோரத்துப் பாலைப்பழ வியாபாரமும் ஓயப் போகிறது.

“அவளுக்கு என்ன சமைத்துக் கொடுக்க?” என்று கேட்டிருந்தாய். சமையலைப் பிறகு பார்ப்போம். முதல் இரண்டு கிழமையும் உன் கவலை முழுவதும் தண்ணீரில் இருக்கட்டும். இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் வீடு போன பின் திரும்பவும் வாட்டுக்கு வருவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று உடம்பில் நீர் வற்றிப் போவதுதான். அவர்கள் இருந்த வாட்டிலும் பார்க்க, இந்த மாதத்து வன்னி வெயிலில் அது விரைவாக வரும்.

ஏன் வற்றுகிறது என்று விளங்கினால் மீதியெல்லாம் உனக்குத் தானாக ஓடும். அவளுடைய இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது வாழைப்பழம் போல ஒரு ஒடுங்கிய குழாய். நூறு, நூற்றைம்பது மில்லிலீற்றர்தான் அது கொள்ளும். அதுவும் இப்போது தையலும் வீக்கமுமாக இருக்கிறது. முன்பு தாகத்துக்கு ஒரு செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்த பிள்ளை இனி அப்படிக் குடிக்க முடியாது. நாம் சோறு, சொதி, கறி, பழம் என்று சாப்பிடும்போது அவற்றோடும் கணிசமான நீர் உள்ளே போகிறது. அவளுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. இன்னொன்றையும் நினைவில் வை. நீர் குறைந்தால் ஓங்காளம் வரும். ஓங்காளம் வந்தால் குடிக்க மனம் வராது. குடிக்காவிட்டால் இன்னும் குறையும். இந்தச் சுற்றுக்குள் அவள் விழாமல் பார்ப்பதுதான் உன் வேலை.

ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றராவது போகவேண்டும், இரண்டு லீற்றர் என்றால் நல்லது. சிரப் போத்தலோடு வருகிற சின்ன அளவுக் கோப்பை ஒன்றை எடுத்து வை. முதல் நாட்களில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 15 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டி. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு எட்டு மணிவரை விடாமல் கொடுத்தால் அதுவே 1260 மில்லிலீற்றர். அது சுகமாக இறங்கத் தொடங்கியதும் கால் மணித்தியாலத்துக்கு 30 ஆக்கு. அப்போது நாளுக்கு 1680 வரும். அந்த 30ஐயும் ஒரே விழுங்கில் விடாமல் இரண்டு மூன்று வாயாக எடுக்கவேண்டும். காலையில் மூன்று அரை லீற்றர்ப் போத்தலை நிரப்பி மேசையில் வை, இரவில் மிச்சத்தைப் பார். “குடிச்சனான் அம்மா” என்று பிள்ளை சொல்வதை நம்பாதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறிது சிறிதாகக் குடிக்கிறவர்களுக்கு, குடித்ததிலும் பார்க்கக் கூடக் குடித்ததாகவே தோன்றும். போத்தல் பொய் சொல்லாது. கைத்தொலைபேசியில் கால் மணித்தியாலத்துக்கு ஒரு மணி வைத்துவிடு.

ஸ்ட்ரோ வேண்டாம், காற்றும் சேர்ந்து போய் வயிறு இறுகும். சோடா, கோலா எதுவும் வேண்டாம். ஐஸ் தண்ணீர் சிலருக்கு நெஞ்சுக்குள் இழுத்துப் பிடிக்கும். அப்படியானால் இளஞ்சூடாகக் கொடு. நெஞ்சு இறுகுவது, விக்கல் எடுப்பது, தும்மல் வருவது, திடீரென்று மூக்கில் நீர் வடிவது எல்லாமே “போதும்” என்று அந்தக் குழாய் சொல்லும் பாஷை. அந்தக் கணமே நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்ந்து உட்காரட்டும்.

எதைக் கொடுப்பது? கொதித்தாறிய தண்ணீர்தான் முதலில். வவுனியாப் பக்கம் பல கிணறுகளில் சுண்ணாம்பும் புளோரைட்டும் கூட, சிறுநீரக வருத்தமும் இங்கே பரவலாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் வடிகட்டிய குடிநீர் விற்கிறார்கள் என்றால் அதையே வாங்கிக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடு. தண்ணீர் அலுத்தால் இஞ்சி தட்டிப்போட்ட மல்லித் தண்ணீர். சீனியும் கருப்பட்டியும் போடாதே, நன்றாக வடித்துவிடு. தெளிந்த ரசம், மிளகு குறைத்து. மீன் அல்லது கோழி சூப்பின் தெளிவு, எண்ணெயை நீக்கி. மோர், கட்டியில்லாமல் கடைந்து, ஒரு சிட்டிகை உப்போடு. வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது.

இளநீரை நீ விசேடமாகக் கேட்டிருந்தாய். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நாளுக்கு ஒரு கோப்பை கொடுக்கலாம். ஆனால் அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் குறைவு. அவள் லொசாட்டன், எனலாபிரில் போன்ற பிறசர் குளிசை எடுக்கிறாளென்றாலோ சிறுநீரகப் பரிசோதனை சரியில்லை என்றாலோ வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதே. வயிற்றோட்டமோ சத்தியோ (வாந்தி) வந்தால் ஜீவனி உப்புச் சீனி மாவைக் கரைத்து வைத்து, அதையும் அந்தச் சின்னக் கோப்பையாலேயே கொடு. பைக்கற்றில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரை, செறிவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

பிலிம்பி, காமரங்காய் இரண்டினதும் சாற்றை மட்டும் அவளுக்குக் காட்டாதே. கொழுப்புக் கரையும், சீனி குறையும் என்று அயலில் யாராவது கொண்டு வருவார்கள். அவற்றில் ஒக்சலேற்று மிகக் கூட. நீர் வற்றிய உடம்பில் அந்தச் சாறு சிறுநீரகத்தை ஒரேயடியாய் நிறுத்திவிடக் கூடியது. இதை உன் வீட்டு வாசலிலேயே மறுத்துவிடு, யார் கோபித்தாலும் பரவாயில்லை.

பிளேன்ரீயும் கோப்பியும் முதல் ஒரு மாதம் தள்ளி நிற்கட்டும். பிள்ளைப் பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழைய வழக்கம் நம்முடைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. “தண்ணி கூடினால் புண் ஆறாது” என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், இது அந்தப் பத்தியம் இல்லையென்று மரியாதையாகச் சொல்லிவிடு.

நீர் போதுமா என்பதைச் சலம், அதாவது சிறுநீர், சொல்லும். நாளுக்கு நாலைந்து முறையாவது போகவேண்டும், நிறம் வைக்கோல் போல வெளிறியிருக்கவேண்டும். தேத்தண்ணீர் நிறத்தில் போனாலோ, எழும்பும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ, நாக்கு ஒட்டினாலோ அன்றைக்கு வேறு எதையும் பார்க்காமல் குடிப்பதை மட்டும் பார்.

அவளுக்கு முன்பிருந்த குளிசைகளையும் ஒருமுறை எடுத்துப் பரப்பிப் பார். சலம் போக்கும் பிறசர் குளிசை அதில் இருந்தால் அதுவே இப்போது நீரை உறிஞ்சி எடுத்துவிடும். சீனிக் குளிசையும் இன்சுலினும் பழைய அளவில் போனால், சாப்பாடு இல்லாத வயிற்றில் சீனி விழுந்துபோகும். எதை நிறுத்தச் சொன்னார்கள், எதைக் குறைக்கச் சொன்னார்கள் என்று வீடு வருமுன்பே கேட்டு எழுதிக்கொள். வலிக்குப் பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபினாக், இபுபுரூபன் இரண்டும் அந்தக் குழாயில் புண்ணை உண்டாக்கும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். கொழும்பில் தந்த தாளில் வேறு விதமாக இருந்தால் அதுதான் முந்தும், என் கடிதம் பிந்தும். பொதுவாக முதல் இரண்டு கிழமை நீராகாரம், அடுத்த இரண்டு கிழமை மசியல், ஐந்தாம் ஆறாம் கிழமை மென்மையானவை, அதற்குப் பிறகே சாதாரண சாப்பாடு.

நீராகாரக் காலத்திலேயே புரதத்தைத் தொடங்கவேண்டும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் என்பது கணக்கு. அது குறைந்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும், காயமும் சுணங்கி ஆறும். இங்கேதான் நம் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. எலும்பு சூப்பும் கஞ்சித் தெளிவும் கொடுத்துவிட்டு “நல்ல சத்து” என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். சூப்புத் தெளிவில் உப்பும் மணமும்தான் இருக்கின்றன, புரதம் சட்டியில் கிடக்கும் இறைச்சியில் நின்றுவிட்டது. கஞ்சித் தெளிவு வெறும் மாச்சத்து. இரண்டும் நீருக்கு உதவும், புரதக் கணக்கில் அவற்றை எழுதாதே.

கொழுப்பு நீக்கிய பால்மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 35 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லிலீற்றருக்கு, வழக்கமாக மூன்று மேசைக்கரண்டி போடுவாய் அல்லவா? ஆறு போடு. கட்டியில்லாமல் அடித்து வடி, சீனி வேண்டாம். கோப்பைக்கு 14 கிராமளவு வரும். நாளுக்கு மூன்று கோப்பை, ஒவ்வொன்றையும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் இழுத்துக் குடித்தால் 42. மீதிக்கு அவர்கள் எழுதித் தந்த புரதப் பவுடர் ஒரு கரண்டி. இவை நீர்க் கணக்கிலும் சேரும். பால் குடித்து வயிறு ஊதி ஓட்டமாகப் போனால் லக்டோசு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், சோயாப் பாலுக்கு மாற்று.

மூன்றாம் கிழமை தொடங்கியதும் உன் கைக்கு வேலை வரும். முல்லைத்தீவுக் கடல் பக்கத்தில் இருக்கும்போது மீனுக்கு என்ன குறை! விளைமீன், பாரை போன்ற மென்சதை மீனை அவித்து, முள்ளை இரண்டு தரம் பார்த்து எடுத்து, உறைப்பில்லாத சொதி சிறிது விட்டு மசி. சூரை வேண்டாம், சதை வறண்டு தொண்டைக்குக் கீழே போய் நிற்கும். பருப்பைக் குழைய அவித்து அரிதட்டில் தேய்த்துக் கொடு. முட்டையை நன்றாக வேகவைத்து யோகட்டோடு மசி. தயிரும் நல்லது. ஒரு வேளைக்கு இரண்டு முதல் நாலு மேசைக்கரண்டி, தேக்கரண்டியால், இருபது முப்பது நிமிடமெடுத்து. சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, சாப்பிட்டு முடித்து அரை மணித்தியாலம் கழித்துத்தான் போத்தலைத் தொடவேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இடம் நிரம்பிச் சத்தி வரும், புரதமும் வெளியே போகும்.

புட்டு, இடியப்பம், பாண், சோறு எதற்கும் அவசரப்படாதே. அவை உள்ளே போய் ஊதி உருண்டையாகி அடைக்கும், அதிலும் காய்ந்த புட்டு மிக மோசம். பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை போன்ற தும்புள்ளவையும், கூழும் மூன்று மாதம் பொறுக்கட்டும். பாலைப்பழம் அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பருவம் வேண்டாம், அதன் இனிப்பும் பாலும் இப்போது அந்த வயிற்றுக்கு ஆகாது.

விற்றமின் குளிசைகளை “பிறகு பார்ப்போம்” என்று விடுகிறவர்கள் பலர். மல்ரி விற்றமினும் பி12உம் விற்றமின் டீயும் வாழ்நாள் முழுவதும் தொடரவேண்டியவை. கல்சியம் பெட்டியில் சித்திரேற்றா காபனேற்றா என்று வாசி. காபனேற்று கரைய இரைப்பை அமிலம் வேண்டும், அவளுக்கு இப்போது அது குறைவு. ஆகவே சித்திரேற்று. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒருவேளைக்கு 500, 600க்கு மேல் போகாமல் பிரித்து. இரும்புக் குளிசைக்கும் கல்சியத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடு.

தையமின் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இந்த பி1 விற்றமின் உடம்பில் இரண்டு மூன்று கிழமைக்குத்தான் சேமிப்பில் இருக்கும். சாப்பாடு குறைந்த நேரத்தில் அவள் விடாமல் சத்தியும் எடுத்துக்கொண்டிருந்தால் அது தீர்ந்துபோய் மூளையைத் தாக்கும். நடை தள்ளாடும், கண் இரண்டாகத் தெரியும், பேச்சுக் குழம்பும். அந்த நிலையில் தையமின் ஏற்றாமல் குளுக்கோஸ் சேலைன் மட்டும் ஏற்றினால் நிலைமை இன்னும் கெடும். ஆகவே சத்தியோடு எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் நீயே வாயைத் திறந்து, “இரைப்பை வெட்டிய பிள்ளை, முதலில் தையமின் வேணும்” என்று சொல். வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டைப் படமெடுத்து வீட்டில் இரண்டு பேருடைய தொலைபேசியில் வைத்திருங்கள்.

அரை நாள் எதுவும் வயிற்றில் தங்காவிட்டால், எட்டு மணித்தியாலம் சலம் போகாவிட்டால் காத்திருக்காதே. நாடி நிமிடத்துக்கு 120க்கு மேல் போய் நின்றால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால், வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால், இடது தோள் வலித்தால், மூச்சு வாங்கினால் தையல் கசிகிறதோ என்று பயப்படவேண்டும். ஒரு கால் கெண்டை வீங்கி வலித்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் 1990 அம்புலன்ஸுக்கு எடு.

புதன்கிழமைப் பயணம்தான் எனக்கு இப்போதைய பெரிய யோசனை. கொழும்பிலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் வரும். வழியில் சலத்துக்கு இறங்க வசதியில்லையென்று நம் பெண்பிள்ளைகள் குடிக்காமலே வந்துவிடுவார்கள். அன்று காலையிலேயே பாதி வற்றிவிடும். எங்கெங்கே நிற்பது என்று சாரதியிடம் முதலே பேசி வை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும், அது கால் இரத்தக்கட்டிக்கும் நல்லது. இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலில் மல்லித் தண்ணீர், அந்தச் சின்னக் கோப்பை, சத்திக்கு ஒரு பை. வவுனியாவில் எங்கள் வீட்டில் நின்று போங்கள், கழிவறையும் நிழலும் இருக்கிறது. மோர் கடைந்து வைத்திருப்பேன்.

வந்து சேர்ந்த அன்று இரவு மூன்று போத்தலில் எவ்வளவு போனது, சலம் எத்தனை முறை, என்ன நிறம் என்பதை மட்டும் எனக்கு ஒரு குறுஞ்செய்தியாகப் போடு.

அன்புடன்,
உன் தோழி