கால் நரம்புக்கு ஊசி போடும் முன்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொடையின் வெளிப்பக்கம் சிவப்பாக விசிறி மாதிரி விரிந்திருப்பது சிலந்தி நரம்புதான். நரம்பு என்று சொல்கிறோமே தவிர, அது தோலை ஒட்டி ஓடும் இரத்தக் குழாய். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. அதனால் ஆபத்தில்லை. ஆனால் முழங்கால் பக்கம் நீலப்பச்சையாக ஒன்று தெரிகிறதே, அதை டாக்டரிடம் முதலில் காட்டு. மேலே இருக்கும் சிவப்புக்கு இரத்தம் ஊட்டுவது பெரும்பாலும் அந்த மாதிரிக் குழாய்தான். அதை விட்டுவிட்டு மேலாகக் குத்தினால் திரும்ப வரும். சாயங்காலம் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது என்றாயே, குழாயில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் ஊசிக்குச் சம்மதிக்காதே கண்ணு. உள்ளே வால்வு கெட்டு இரத்தம் கீழே இறங்குகிறதா என்பது அதில்தான் தெரியும்.

லேசர் கேட்கிறாய். காலுக்கு ஊசிதான் முதல் வழி. லேசர் ஒளியைத் தோலின் கருநிறமும் இழுத்துக்கொள்ளும். நம் நிறத்துக்குச் சுட்டுத் தழும்பு விழலாம். லேசர்தான் என்று முடிவானால் 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கேள், 532 வேண்டாம், அதைத்தான் கருநிறம் அதிகம் இழுக்கும்.

ஊசியில் போலிடோக்கனால் என்ற மருந்தைப் போடுவார்கள். சிலந்தி நரம்புக்கு 0.5 சதவீதம், நீலக் குழாய்க்கு 1 சதவீதம். மருந்து குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கி ஒட்ட வைக்கும், பிறகு உடம்பே கரைத்துவிடும். மருந்து ஏற ஏறச் சிவப்புக் கோடு கண்ணெதிரே வெளுக்கும். பிறகு கொசு கடித்த மாதிரி தடிக்கும், பயப்படாதே. ஆனால் சுரீரென்று வலித்துச் சுற்றுத் தோலும் திட்டாக வெளுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதே, உடனே சொல். மருந்து தப்பான இடத்துக்குப் போனால் தோல் புண்ணாகிவிடும். முன்பு குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைத்திருந்தாலோ, கண்ணில் பளிச்சென்று மின்னும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடு.

முடிந்ததும் காலை அழுத்திப் பிடிக்கும் நீளக் காலுறை, அதுதான் இறுக்க ஸ்டாக்கிங், போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நட. இரண்டு மூன்று நாள் இரவும் பகலும், பிறகு இரண்டு மூன்று வாரம் பகலில் போடவேண்டும். அந்த முதல் நாட்களில் சுடுதண்ணீர்த் தொட்டி, வெயில், ஜிம், நீண்ட விமானப் பயணம் எதுவும் கூடாது.

கல்யாணம் டிசம்பரில். நவம்பரில் போய் நின்றால் நடக்காது. இரண்டு மூன்று தடவை வேண்டியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நான்கு முதல் ஆறு வாரம் விடவேண்டும். இரத்தத்தின் இரும்பு தோலில் தங்கிப் பழுப்புக் கறை விழுவதும் உண்டு. மங்க மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருஷமே ஆகும். கட்டிய இரத்தம் கறுத்த முடிச்சாகத் தட்டுப்பட்டால், இரண்டு வாரம் கழித்துச் சின்ன ஊசியால் குத்தி எடுக்கச் சொல், கறை குறையும். அதனால் மே மாதமே தொடங்கு. அங்கே கேப் டவுனில் அப்போதுதான் குளிர் தொடங்கும், ஸ்டாக்கிங் உறுத்தாது, காலில் வெயிலும் படாது.

மருத்துவச் செலவைத் தரும் மெடிக்கல் எய்ட் திட்டம் இதை அழகுச் செலவு என்று தள்ளலாம். தடவைக்கு எவ்வளவு, ஸ்டாக்கிங் சேர்த்தா என்று எழுதி வாங்கு. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

அம்மா