உதவித்தொகை: அஞ்சல்வழியில் படிப்போருக்குத் தடை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை குறித்துக் காலாண்டுதோறும் வரும் அறிவிப்பில் ‘மாணவராக இருத்தல் கூடாது’ என்பதைப் படித்துவிட்டு, அஞ்சல்வழியில் பட்டம் படிப்பவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தடை பள்ளி, கல்லூரிக்கு அன்றாடம் நேரில் சென்று படிப்போருக்கு மட்டுமே. தொலைநிலை, அஞ்சல்வழிக் கல்வி பயில்வோருக்குப் பொருந்தாது. அறிவிப்பைச் சுருக்கி வெளியிடும்போது இந்த விலக்கை விட்டுவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்வித் தகுதியை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டு போதும். மாற்றுத்திறனாளி அல்லாத பொதுப் பதிவுதாரர்களின் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது வரம்பு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. இந்தப் பொதுப் பதிவுதாரர்களில் பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 என 3 ஆண்டுகள் வரை கிடைக்கும். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது.

பலருக்குக் கைநழுவிப்போவது பதிவைப் புதுப்பிக்காததால்தான். பிளஸ் டூ முடித்ததும் பதிந்துவிட்டு, கல்லூரிக் காலத்தில் அதை மறந்துவிடுகிறார்கள். 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் காத்திருந்த காலமெல்லாம் வீண். உதவித்தொகை வாங்கும்போதே முழுநேரக் கல்லூரியில் சேர நேர்ந்தால் உடனே அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் சுய உறுதிமொழி கொடுக்க வேண்டியிருப்பதால், மறைத்தால் அது பொய் உறுதிமொழியாகிவிடும்.

மாலைநேரக் கல்லூரி மாணவர் நிலைதான் சங்கடமானது. பகல் முழுவதும் வேலைக்குத் தயாராக இருப்பவர் அவர். ஆனால் விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் அவரும் ‘அன்றாடம் சென்று படிப்பவர்’ ஆகிவிடுகிறார். அவர்களுக்கும் விலக்கு உண்டு என்று அரசு தெளிவாக ஆணையிட வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் நோய்க்கால உதவி இருக்கிறது. அங்கே மாணவரா என்ற கேள்வியே இல்லை. காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் சந்தா பிடித்த நாட்கள்தான் கணக்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோயுற்றால் உதவி கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தா ஜூலை முதல் டிசம்பர் வரை பயன்படும். ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சராசரி நாட்கூலியில் 70 சதவீதம் தருவார்கள்.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் மட்டும் கடையில் வேலை பார்ப்பவருக்கு இந்த நாள் கணக்கு எட்டாது. தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் பயிற்சி பெறுவோர் இத்திட்டத்தில் வரமாட்டார்கள். புதிதாக நோயுறும்போது முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றும் கட்டாயம். வெறும் மருந்துச் சீட்டு போதாது. அந்த நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுப்பு எடுத்திருந்தாலும் உதவி கிடைக்காது என்பதால், விடுப்புக் கடிதம் கொடுக்கும் முன்பே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்